நான் பற்றவைத்த அடுப்பு

தொண்ணூறுகளில் கனடாவின் மொன்றியலில் ஒரு யூத முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். கோஷர் சமையல், அதாவது அவர்களுடைய மத விதிப்படியான சமையல். நான் வெட்டலாம், கிளறலாம், உப்புப் போடலாம். அடுப்பை மட்டும் பற்றவைக்கக் கூடாது. அதை ஒரு யூதர் செய்தால்தான் அவர்கள் அந்தச் சாப்பாட்டைத் தொடுவார்கள். அதற்கென்றே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். நரைத்த தாடி, என்னைப் போலவே நித்திரை காணாத கண்கள். காலை ஏழு மணிக்கு வந்து, அடுப்புக்குள் எப்போதும் எரியும் சின்னச் சுடரைச் சரிபார்ப்பார்; அணைந்திருந்தால் ஏற்றுவார். அவர் ஏற்றிய சுடரிலிருந்து நான் எத்தனை அடுப்பை வேண்டுமானாலும் எரியவிடலாம். இரண்டு வருடமாகியும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பனி கொட்டிய ஒரு காலை அவரைக் காணவில்லை. சுடர் அணைந்து கிடந்தது. நான் வேறோர் இடத்தில் விடிய விடியத் தரை துடைத்துவிட்டு நேரே வந்திருந்தேன். எட்டு மணியானது, எட்டரையானது. தீக்குச்சியை உரசினேன். களைப்பில் மறந்துவிட்டேன் என்றால் பொய். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் உரசினேன்.

பத்தரைக்கு அவர் வந்தபோது கோழி சூப் வெந்து முடிந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நேற்று நான் ஏற்றின சுடர் அணையவில்லைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆம் என்றால் விஷயம் முடிந்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான். இன்னொரு தடவை பிந்தினால் வேலை போகும் என்று அவரை ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். பாத்திரம் கழுவும் அக்கா தலை நிமிராமல் தமிழில் சொன்னார்: "ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடு தம்பி. அந்த மனுசனும் பாவம்."

"அணைந்துவிட்டது. நான்தான் தீக்குச்சியால் பற்றவைத்தேன்" என்றேன்.

பெரிய யோக்கியன் என்பதால் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டு தினமும் அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை.

"நன்றி" என்றார். மா மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு சூப் முழுவதையும் கொட்டச் சொன்னார். அன்று முதியவர்கள் பாண் ரொட்டியும் டின் மீனும் சாப்பிட்டார்கள். மேலிடத்துக்கு அவரே போன் எடுத்தார். தான் பிந்தி வந்ததாகவும் சுடர் அணைந்து சாப்பாடு கெட்டதாகவும் சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வேறொருவர் வந்து அடுப்பை ஏற்றினார். குச்சியை உரசியது நான், உண்மையைச் சொன்னதும் நான், வேலை போனது அவருக்கு. அந்தக் கிழமை ஏழு நாளும் அக்கா என்னோடு கதைக்கவில்லை.