வால் நீண்ட எழுத்துகள்

மகளின் கலியாண அழைப்பிதழுக்கென்று, தூரிகையால் இழுத்ததுபோல வால் நீண்ட எழுத்துகளை அச்சகக்காரர் கணினியில் காட்டினார்.

என் சின்ன வயதில், இப்போது மதில் மறைத்துவிட்ட துறைமுகக் கரையில், எனாமல் பெயின்ற் மணக்க மணக்க, வள்ளங்களின் முகப்பில் பெயர்களை இப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாமல், வாலின் வளைவை வைத்தே எந்த வள்ளம் என்று கண்டுபிடித்து, மீனுக்குக் காத்துநிற்கும் பெண்களிடம் கத்திச் சொல்வேன்.

"பாரனடி, தூரத்திலயே வாசிச்சுப்போட்டான்!" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"பிழை இருக்கோ எண்டு வாசிச்சுப் பாருங்கோ, அப்பா" என்றாள் பக்கத்தில் நின்ற மகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த எழுத்துகள் இன்றும் பிடிபடவில்லை. அச்சகக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியை மறந்திட்டு வந்திட்டீங்கள் போல" என்று சொல்லி, அவளே மெல்ல வாசித்துக் காட்டினாள்.

என்னிடம் கண்ணாடியே கிடையாது.