ஆறாம் அத்தியாயம் இல்லாத முதல் பதிப்பு

ஸ்பெயினில் ஒரு பெண் நாவலும் எழுதி, சொந்தமாகப் பதிப்பகமும் நடத்தினார் என்று வார இதழில் படித்தேன். அன்றே நானும் பதிப்பாளரானேன். நான் எழுதிய நாவல் தயாராக இருந்தது. அதைப் படித்து யாராவது அழ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் எங்கள் விடுதி அறையே அச்சகம். ஜெராக்ஸ் எடுத்த அத்தியாயங்களைக் கட்டில்களில் அடுக்கிவைத்து, தொழிற்சாலை லைன் மாதிரி அறைத்தோழிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆறாம் அத்தியாயத்தைச் சேர்க்க வேண்டியவள், ஷிப்ட் பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிட்டாள். லைன் நிற்கக் கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. மற்றவர்கள் நிறுத்தாமல் சேர்த்து, ஸ்டேப்ளர் அடித்து, எல்லா அறைக்கும் கொடுத்துவிட்டார்கள். கதாநாயகன் சாவது அந்த ஆறாம் அத்தியாயத்தில்தான்; ஏழாவது முழுக்கக் கதாநாயகி அழுவாள்.

மறுநாள் திருநெல்வேலிக்காரத் தோழி கேட்டாள்: "ஏட்டி, அவன் நல்லாத்தான இருந்தான்? இவ எதுக்கு இந்த அழுவ அழுதா?"

பதறிப்போய், விட்டுப்போன பக்கங்களோடு அறை அறையாக ஏறினேன். "வேணாம்க்கா, அவன் உயிரோடவே இருந்துகினு போட்டும்," என்று கதவைச் சாத்தினாள் செங்கல்பட்டுக்காரி. மற்ற அறைகளிலும் அதே பதில்தான்.

நாவலைப் படித்து அழுதது கடைசியில் நாவலாசிரியை மட்டும்தான். பதிப்பாளர் அசரவில்லை. இரண்டாம் பதிப்பில், வெங்காயம் நறுக்கியதால் கதாநாயகி அழுதாள் என்று மாற்றச் சொல்லிவிட்டார்.