ஐந்தாவது மூட்டை

என் மனைவி ஐம்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எரிபொருள் மின்கலத்தில் உலோகத் தகட்டின்மேல் ஒரு கார்பன் தாள் படுத்திருக்குமாம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தாலும் அங்கங்கே சில மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. மின்சாரம் அந்தச் சில இடங்களில் முண்டியடித்துப் போக வேண்டும். இதுதான் தொடுமின்தடை. மேலே பாரம் ஏற்றினால் தொடும் இடம் கூடும், தடை குறையும். எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட வாழ்க்கை. கூடவே என்னுடையதும்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆய்வுக்குழு கூடுவதாக இருந்தது. புதிதாகப் பூச்சுப் பூசிய தகடு முந்தின மாலைதான் துவாக்குடிப் பட்டறையிலிருந்து வந்திருந்தது. கார்பன் தாளில் மிச்சமிருந்தது தீப்பெட்டி அளவுக்கு ஒரே துண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து அவளைக் கல்லூரியில் கொண்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வண்டியை எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் போய்ப் பார்த்தால், அழுத்தும் இயந்திரத்தின் ஜாக்கி இருந்த எண்ணெயை எல்லாம் கக்கிவிட்டுக் கிடந்தது.

அவள் இரண்டு நிமிடம் அழுதாள். பிறகு ஜன்னல் வழியே விடுதி மெஸ்ஸைப் பார்த்தாள்.

"பாரம்தானே வேணும்?"

மெஸ் மாஸ்டர் மண்ணச்சநல்லூர் அரிசி நாலு மூட்டை சுமந்து வந்தார். ஒவ்வொன்றையும் மெஸ் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டே அவள் கூடவே வந்தாள். ஜாக்கியைக் கழற்றிவிட்டு, தகட்டையும் தாளையும் அடியில் வைத்து, இயந்திரத்தின் அழுத்தும் தட்டின் மேல் பலகை போட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஏற்ற ஏற்ற மீட்டரில் எண் இறங்கியது. "இறங்குது, இறங்குது!" என்று மூவரும் கத்தினோம். இறங்கியது என்ன என்று மாஸ்டருக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறைதான்.

"இன்னும் எழுபது எழுபத்தஞ்சு கிலோ வேணும், மாஸ்டர். மின்கலத்தத் திருகாணி போட்டு முடுக்கினா வர்ற அழுத்தம் அப்பத்தான் கிடைக்கும்."

"மிச்ச அரிசி உலைக்குப் போயிடுச்சு மேடம்."

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க எவ்வளவு இருப்பீங்க?"

"எழுபத்திரண்டு."

அது என் கல்யாண வருடத்து எடை. நடுவில் யாரும் கேட்காததால் அதையே வைத்துக்கொண்டிருந்தேன். மூட்டையை நிறுத்தவள் என்னை நிறுக்கவில்லை. கணவன் என்ற நம்பிக்கை. மாஸ்டர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இருமினார்.

ஏணி வைத்து ஏறி, நாலு மூட்டைக்கு மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தேன், புறப்பாட்டுக்குத் தயாரான மூர்த்தி மாதிரி. மாஸ்டர் கும்பிட்டே விட்டார். "அசையாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்றவள் எண்ணைக் குறித்தாள். மூட்டைகளின் எடையோடு எழுபத்திரண்டைக் கூட்டி வரைபடத்தில் புள்ளி வைத்தாள். முகம் வெளுத்தது.

"தடை ரொம்பக் குறைஞ்சிடுச்சுங்க. புள்ளி கோட்டுல சேரவே இல்ல. தாள் நசுங்கிப் போச்சு. எல்லாம் போச்சு."

நாலு மூட்டை உயரத்தில் மனசாட்சிக்கு ஒளிய இடமில்லை.

"தாள் நல்லாத்தான் இருக்கும். நான்தான் எழுபத்திரண்டு இல்ல."

"அப்ப எவ்வளவு?"

"கொஞ்சம் கூட."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோட்டை நீட்டி வரைந்தாள். "என் கணக்குப்படி தொண்ணூத்தொண்ணு."

"நான் அப்பவே நினைச்சேன் மேடம்" என்றார் மாஸ்டர். "தினம் மூட்டை தூக்குறவன் கண்ணு."

அவள் கணக்கையே அவளுக்குச் சாட்சியாக வைக்க முடியாதாம். அது விஞ்ஞானம் ஆகாதாம். ஆகவே இட்லித் தட்டுகளோடு வரிசையில் நின்ற நூறு மாணவர்களுக்கு முன்னால், முட்டைக்கோஸ் நிறுக்கும் தராசில் ஏறினேன்.

"தொண்ணூத்தொண்ணு!" என்று மாஸ்டர் ஏலம் விட்டார். என்ன ஏது என்று தெரியாமலே விடுதி கைதட்டியது. என் மனைவி அங்கேயே துள்ளினாள். தாள் பிழைத்தது, ஆய்வு பிழைத்தது. என் இருபது வருடப் பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மாஸ்டர் என் கையில் ஒரு தட்டைத் திணித்தார். "சாப்பிடுங்க சார், பொங்கல் சூடா இருக்கு."

அவள் தட்டைப் பிடுங்கினாள்.

"ஒவ்வொரு ரீடிங்கும் மூணு தடவை எடுக்கணும். அதுவரைக்கும் இவர் எதுவும் சாப்பிடக் கூடாது."