ஈஸ்வரி டீச்சரின் சுண்ணாம்புத் தண்ணீர்

வெற்றிலை வேண்டாமாம், பாக்கு வேண்டாமாம், சுண்ணாம்பு மட்டும் வேண்டுமாம். நன்னிலம் கடைத்தெருவில், சித்தீக் பாய் கடை வாசலில் கை நீட்டி நிற்கிறார் ஈஸ்வரி டீச்சர்.

"வெறும் சுண்ணாம்பத் தின்னா நாக்கு வெந்துடும் டீச்சர்" என்கிறார் பாய்.

"எனக்கில்ல பாய், எட்டாங் கிளாஸுக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் நடையைக் கட்டுகிறார்.

நான் தமிழ் நடத்தும் அதே பள்ளியில்தான் அவர் அறிவியல் நடத்துகிறார். எங்கள் ஆய்வகம் என்பது ஒரு பீரோ. அதன் சாவியைக் காணோம். ஆகவே டீச்சர் முதல் நாளே சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துவைத்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு வருவார். ஒரு கண்ணாடி டம்ளர், ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்று. "உறிஞ்சிராதடா, ஊது! எளநி இல்ல இது!" மூச்சிலுள்ள கரியமில வாயு பட்டுத் தண்ணீர் பாலாய் வெளுத்ததும், "போதும், எடு!" என்று ஸ்ட்ராவை வாயிலிருந்து பிடுங்கிவிடுவார்.

அவருக்கு வாய்தான் எதிரி. தலைமையாசிரியர் பஞ்சநதம் சார் ஒரு கூட்டத்தில் முடிக்கவே மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தபோது, "சாருக்கு ஒரு ஸ்ட்ரா குடுத்தா பால் பண்ணையே வெச்சிரலாம்" என்றார் டீச்சர். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

சென்ற வாரம் பள்ளி ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வந்தார். டீச்சரோ, பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக ஆசிரியை. அதிகாரி நல்ல வார்த்தை சொன்னால்தான் அடுத்த ஆண்டும் வேலை. "இன்னிக்கி மட்டும் வாயத் தொறக்காதீங்கம்மா" என்று பஞ்சநதம் சார் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். டீச்சரும் தலையாட்டினார்.

எட்டாம் வகுப்பில் டம்ளரையும் ஸ்ட்ராவையும் பார்த்ததும் தானே ஊதுவதாகச் சொன்னார் அதிகாரி. ஊதினார். வெளுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டபின் எந்த அதிகாரி நிறுத்துவார்? கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தார். வெளுத்த தண்ணீர் மெல்லத் தெளிந்து பழையபடி ஆகிவிட்டது.

"என்னம்மா, ஒங்க சோதனை ஃபெயிலாயிடுச்சே?"

பஞ்சநதம் சார் கண்ணாலேயே கெஞ்சினார். "ஆமாம் சார்" என்றால் போதும்.

"சோதனை சரிதான் சார். காத்து அதிகமாப் போனா வெள்ளை கரைஞ்சிரும். நீங்கதான் நிறுத்தல."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "இன்னொரு டம்ளர் குடுங்க" என்று வாங்கி மறுபடி ஊதத் தொடங்கினார். வெளுத்தது. மறுபடி கைதட்டல். அவர் கன்னம் உப்பியது உப்பியபடியே இருந்தது.

"போதும், எடு!"

அதிகாரியின் வாயிலிருந்து ஸ்ட்ராவைப் பிடுங்கிவிட்டார் டீச்சர்.