பரீட்சையில் வராத பேசின்

திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் மேபல் மிஸ் கேட்ட கேள்வி சின்னதுதான். ஆணியும் இரும்பு, கப்பலும் இரும்பு. ஆணி தண்ணீரில் தாழுது, கப்பல் ஏன் மிதக்குது? கொழும்பு கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுகமான கேள்வி கிடையாது. பாதிப் பேரின் தகப்பன்மார் துறைமுகத்தில் வேலை. மிச்சப் பேருக்கு மாடிக்கு ஏறினால் கப்பலின் புகைபோக்கி தெரியும்.

பதில் எழுத ஐந்து நிமிடம் கொடுத்தாள். வழமையாக அந்த ஐந்து நிமிடமும் வகுப்பு கொதிக்கும். ஆளை ஆள் இடித்துக்கொள்வார்கள், அழிறப்பர் பறக்கும், யாராவது மேசையில் ஏறி நின்று சத்தியம் பண்ணுவார்கள். அன்று மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்டது. ஒற்றைத் தாள்களைச் சேர்த்தெடுத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டும் வெறுமை. பெயர்கூட இல்லை.

"இது என்ன பகிடி?" என்றாள்.

எதற்கும் முந்திக்கொள்ளும் மெல்ரோய்கூடத் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரத்து றஷ்மியின் இடம் காலியாகக் கிடந்தது.

மேபலுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கணவர் செபஸ்தியன் அங்கேயே கிளார்க். விஞ்ஞானம் படிப்பிக்க வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அதில் முக்கால்வாசிக் காலம் அவளும் எல்லோரையும் போலத்தான் படிப்பித்தாள். ஒரு தவணைப் பரீட்சையில் வகுப்பு முழுக்க அடர்த்திக்கு வரைவிலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது. சந்தோஷத்தில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும், எது பாரம்?" என்று கேட்டாள். "இரும்பு மிஸ்" என்றது பிள்ளை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு எடுத்த பிள்ளை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன மேபல் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

அதன் பிறகுதான் வகுப்பைக் கலைத்துப் போட்டாள். வாங்கு மேசைகளை ஆறு கூட்டமாகத் திருப்பினாள். ஆசிரியர் மேசையைப் பின் சுவரோடு தள்ளினாள். பாடத்துக்கு ஒரு கேள்வி. பதிலை அவள் சொல்வதற்கு முதல் ஒவ்வொரு பிள்ளையும் தான் நினைப்பதை எழுத வேண்டும், ஏன் அப்படி நினைக்கிறது என்றும் எழுத வேண்டும். புள்ளி கிடையாது. சிவப்புப் பேனை கிடையாது. "பிழையா எழுதுங்க, பரவாயில்ல. இதை நான் மட்டும்தான் பார்ப்பன். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தாள். அதை நம்பிப் பிள்ளைகள் உண்மையாக எழுதத் தொடங்க ஐந்து மாதம் பிடித்தது. எழுதத் தொடங்கிய பிறகு, படிப்பிக்க வேண்டியது என்ன என்பதை அந்தத் தாள்களே அவளுக்குச் சொல்லித் தந்தன. இந்த வகுப்போ தரம் எட்டிலிருந்து அவளோடேயே ஏறி வந்தது. பயப்படாமல் எழுதுகிற அந்தப் பழக்கம் ஒன்றுதான் அவள் அவர்களுக்குள் உண்டாக்கியது. மிச்சமெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

இடைவேளையில் மெல்ரோய் தானாக வந்தான்.

"மிஸ், றஷ்மி இனி வராதாம்."

"ஏன்?"

"பிரியந்தன் சேர்ட கிளாஸ்ல சனிக்கிழமை றஷ்மிட தாளை ஸ்கிரீன்ல போட்டாரு. அந்த ஐஸ் தாள். எல்லாரும் சிரிச்சாங்க. என்டதும் போட்டாரு மிஸ். எனக்குப் பரவாயில்ல, நான் எப்பவும் விசர்க்கதைதானே எழுதுறது." போகப் போனவன் திரும்பினான். "மிஸ் தான் குடுத்தீங்களா?"

மேபல் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. அவன் ஓடிவிட்டான்.

கொடுத்தது அவள்தான். பிரியந்தன் அதே பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் எடுப்பவன். பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ரியூஷன். ஏழு வருடமாக ஆசிரியர் ஓய்வறையில் அவளுக்குப் பக்கத்து மேசை. அவளுடைய வகுப்பைப் பின்னால் இருந்து பார்க்க ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஆள் அவன். றஷ்மியை ரியூஷனில் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவள் கேட்டபோது, "உங்கட பிள்ளை எண்டால் என்ர பிள்ளை மிஸ்" என்று அன்றைக்கே இடம் கொடுத்தான். அப்படிப்பட்டவன் போன தவணையில் வந்து, கல்வி டிப்ளோமாவுக்கு ஒரு அசைன்மென்ட் எழுத வேண்டும், பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தால் உதவியாக இருக்கும் என்றபோது, இரண்டு பைல் நிறைய இருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். கேள்விகூடக் கேட்கவில்லை.

பிரியந்தன் அந்த இரண்டு நாளும் பாடசாலைக்கு லீவு. செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனாள். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி முழுக்க அவனுடைய வகுப்பு. இருநூற்றைம்பது பிளாஸ்டிக் கதிரைகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி. வகுப்புத் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பிரியந்தன் மைக்கைச் சட்டையில் கொளுவிக்கொண்டிருந்தான்.

"வாங்கோ வாங்கோ மேபல் மிஸ்! என்ன, கடல் பார்க்க வந்தனீங்களோ?"

"பிள்ளைகள்ட தாளை ஏன் ஸ்கிரீன்ல போட்டீங்க?"

"ஓ, அதுவோ!" அவன் முகம் மலர்ந்தது. அவனுக்கு விஷயம் விளங்கவேயில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. "சூப்பர் ஹிட் மிஸ். இருநூற்றைம்பது பேரில ஒரு பிள்ளை நித்திரை கொள்ளேல்லை. சிரிச்சால்தான் மிஸ் மண்டையில ஏறும்."

"அது றஷ்மிட தாள்."

"பேர் மறைச்சுத்தானே போட்டனான்."

"'எங்கட வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல' எண்டு எழுதின தாளுக்குப் பேர் எதுக்கு பிரியந்தன்? கூட இருந்த பிள்ளைகளுக்குக் கையெழுத்துத் தெரியாதா?"

"அவவும் சிரிச்சவ மிஸ். நான் பார்த்தனான். மூண்டாவது வரிசையில இருந்து நல்லாச் சிரிச்சவ."

மேபல் மூன்றாவது வரிசைக் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வருடக் கேள்வி அது. கிளாஸ் நிறையத் தண்ணீர், அதில் ஐஸ் கட்டி மிதக்கிறது. ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியுமா? றஷ்மி எழுதியிருந்தாள்: வழியும். எங்கட வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. கீழ் வீட்டு ஆன்ட்டி மீனுக்குப் போடுற ஐஸ் தருவா. அம்மா அதைப் பேசின்ல குவிச்சு வைப்பா. கரைஞ்சதும் பேசின் நிரம்பி வழிஞ்சு பாய் நனையும். ஆனபடியா வழியும்.

"அது பிழையில்ல" என்றாள் மேபல். "மிதக்கிற ஐஸ் கரைஞ்சால் வழியாது. பேசின்ல குவிஞ்சு கிடக்கிற ஐஸ் கரைஞ்சால் வழியும். அந்தப் பிள்ளை கண்ணால கண்டதை எழுதியிருக்கு. நாங்க ஒரு பாடம் முழுக்க அந்தப் பேசினை வச்சுத்தான் படிச்சோம்."

"பரீட்சையில பேசின் வராது மிஸ்" என்றான் பிரியந்தன். கிண்டலாக அல்ல, ஒரு நண்பனுக்கு நடைமுறையை எடுத்துச் சொல்கிற தொனியில். "கிளாஸ்தான் வரும். பிழை எண்டு சிவப்பால கீறினால்தான் மற்றப் பிள்ளைகளுக்கு நினைவு நிற்கும்."

"அசைன்மென்ட்டுக்கு எண்டுதானே கேட்டீங்க?"

"அதுக்கும்தான். எழுதேக்கை ஐடியா வந்தது." மேசைக்குக் கீழிருந்து அச்சு மணம் போகாத புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். 'மாணவர் விடும் நூறு பிழைகள்'. "நாளையிலிருந்து பிள்ளைகளின்ர கையில. நான் நன்றி கெட்டவன் இல்லை மிஸ், திருப்பிப் பாருங்கோ."

பின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: மாணவர் தாள்களைத் தந்துதவிய திருமதி மேபல் செபஸ்தியன் அவர்களுக்கு நன்றி.

கதவுப் பக்கம் பிள்ளைகள் சேரத் தொடங்கியிருந்தார்கள். பிரியந்தன் மைக்கைத் தட்டிப் பார்த்தான். மேபல் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். ஒழுங்கை முனைத் தண்டவாளத்தில் கோச்சி கடந்து போகும்வரை எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றாள்.

வியாழக்கிழமை றஷ்மி வந்திருந்தாள். தாய் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டதாக மெல்ரோய் சொன்னான். ஐந்தாறு மேசைகளில் அந்தப் புத்தகம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பின் அட்டை மேலே தெரிந்தது.

பிரியந்தன் போனில் படமெடுத்துவிட்டுப் போன தவணையிலேயே திருப்பித் தந்திருந்த இரண்டு பைல்களையும் மேபல் திறந்து, ஒவ்வொரு பிள்ளையின் தாள்களையும் அவரவர் கையிலேயே கொடுத்தாள். றஷ்மி தன்னுடையதை வாங்கினாள். எண்ணிப் பார்க்கவில்லை, படிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"நான்தான் குடுத்தன்" என்றாள் மேபல், வகுப்பைப் பார்த்து. "அவர் வேற வேலைக்கு எண்டு கேட்டாரு. நம்பிக் குடுத்தன். இப்பிடிச் செய்வாரு எண்டு எனக்குத் தெரியாது."

"எங்களிட்டக் கேட்கலையே மிஸ்" என்றாள் றஷ்மி.

குரலில் கோபம் இருந்திருந்தால் மேபலுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டது. இரண்டு நாளாகப் பஸ்ஸிலும் குசினியிலும் பிரியந்தனோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த மேபலுக்கு இந்த ஒரு வசனம் தோன்றவேயில்லை.

"இல்ல" என்றாள். "கேட்கல."

"சேர்ட போன்ல இருக்கிறது, புத்தகத்துல இருக்கிறது?"

"அதை என்னால எடுக்க ஏலாது பிள்ளை."

றஷ்மி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

மேபல் கப்பல் கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றாள். ஆறு கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெல்ரோய்?" அவன் எழுந்தான். "தெரியாது மிஸ்" என்றான். துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளை.

பத்து நிமிடம் அப்படியே போனது. பிறகு அவள் பலகைக்குத் திரும்பி, 'மிதத்தல்' என்று தலைப்பு எழுதினாள். கொப்பியைத் திறக்கச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள். முப்பத்துமூன்று பேனைகளும் உடனே ஓடின. ஒரு தலையும் நிமிரவில்லை. எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது என்பது குனிந்த முதுகுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டாவது பந்தியின் நடுவில் ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது. மேபல் வசனத்தைப் பாதியில் விட்டாள்.

"சொல்லு றஷ்மி."

"மிஸ், தலைப்புக்குக் கீழ ஒரு கோடா, ரெண்டு கோடா?"

"ரெண்டு" என்றாள் மேபல்.