அந்த வீட்டைத் தாண்டிப் போகும் கம்பு

ஊருணியை வற்ற அடித்தவர் கருப்பையா இல்லை. நான்.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஏழெட்டு வருஷம் பிடித்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டிய ஊரில் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் வந்து சொல்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூடப் பத்திரமான இடம் தேடுகிற ஆள் நான். அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இலுப்பூர்க் கடைத்தெருவில் ஆயில் எஞ்சின் விற்பவன். புதுக்கோட்டை சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு நாங்கள் சேர்ந்த பிறகு ‘அபிவிருத்தி’ என்ற சொல் எங்கள் பக்கம் புழங்க ஆரம்பித்தது. பிளாக் ஆபீஸ் வந்தது. ஜீப் வந்தது. சீமைப் பால்பவுடர் வந்தது. அவற்றோடு நானும் வந்தேன். மாடு கட்டிக் கமலை இறைத்தே ஆயுசைக் கரைக்கிறவர்களிடம் எஞ்சின் விற்பது வெறும் வியாபாரம் இல்லை, தொண்டு என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்... அதுதான் என் எரிச்சல். என் எஞ்சினால் நாலைந்து ஊர்களில் கடலைக்காடு பச்சை பிடித்தது பொய்யில்லை. நான் முழு மோசக்காரனாக இருந்திருந்தால் இதைச் சொல்வது எவ்வளவோ சுலபம்.

இலுப்பூருக்குத் தெற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. குடிப்பதற்கு ஓர் ஊருணி. ஐப்பசி மழையில் நிறைந்தால் மறு மழைவரை ஊருக்கு அதுதான் உயிர். அதில் யாரும் கால் கழுவக் கூடாது, துணி அலசக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. காவலுக்குத் தனியாக ஆள் போட வசதியில்லாத ஊர். ஆகவே ஒரு கம்பை வைத்திருந்தார்கள். பூண் போட்ட கம்பு. இன்று எந்த வீட்டு வாசலில் அது சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டார்தான் இன்று ஊருணிக்குக் காவல். மறுநாள் விடிந்ததும் அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சாத்திவிட வேண்டும். கம்பு வைத்திருப்பவர் சொல்லை அன்றைக்கு யாரும் மீறமாட்டார்கள், அவர் எவ்வளவு இல்லாதவராக இருந்தாலும். முறை வராத வீட்டை அந்த ஊர் ஒரு வீடாகவே மதிக்காது.

அந்த ஊரில் என்னிடம் எஞ்சின் வாங்கிய ஒரே ஆள் கருப்பையா. அந்நாளில் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்று வருகிறது. இது மரியாதையா, பயமா என்று எனக்கே விளங்கவில்லை. அவருடைய கிணறு பாறைக் கிணறு. முழங்காலளவு ஊறும். எஞ்சினைப் போட்டால் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் குழாய் காற்றை இழுக்கும். அது தெரிந்துதான் விற்றேன். ‘கிணற்றை இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஊற்று வந்துவிடும்’ என்று வாய் கூசாமல் சொல்லி விற்றேன்.

ஒரு மாசி மாதம் பிளாக் ஆபீசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “வெளிநாட்டுலேர்ந்து ஒரு நிபுணர் வாரார். பாறையைத் தொளைக்கிற மிசின் ஒண்ணு அவங்க தானமாக் குடுக்கிறாங்க. எந்த ஊரு ரொம்பக் காஞ்சு கெடக்கோ அங்கதான் மொதல்ல எறக்குவாங்க. உங்க கம்பெனி மேனேஜரும் மெட்ராஸ்லேர்ந்து கூட வாராராம்” என்றார்.

எந்தச் சந்தேகமும் இல்லாமல் கேட்டேன். காய்ந்த ஊருக்குத்தான் மிசின். நன்றாக நினைவிருக்கிறது.

மேனேஜர் எனக்குத் தனியாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். போகிற வழியில் நம் எஞ்சின் ஒன்று நன்றாக ஓடுவதை நிபுணர் பார்க்க வேண்டும். பார்த்தால் தாலுகா முழுவதும் ஏஜென்சி எனக்கு. அவர்கள் போகிற வழியில் என் எஞ்சின் எங்கே இருந்தது? கருப்பையாவின் வறண்ட கிணற்றின் மேல்!

அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலை, இன்னோர் எஞ்சினையும் ரப்பர்க் குழாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கருப்பையா வீட்டு வாசலில் கம்பு சாத்தியிருந்தது. அன்றைக்கு அவர் முறை. நான் நாள் பார்த்துப் போகவில்லை, சத்தியமாக. ஆனால் கம்பைப் பார்த்ததும் மனசுக்குள் ‘நல்லதாய்ப் போயிற்று’ என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன பயன்?

“கருப்பையா, நாளைக்கு வெள்ளைக்காரர் வாராரு. கிணறு காஞ்சு கெடந்தா, இது வெறும் பாறை, இங்க தொளைச்சுப் பிரயோசனமில்லேன்னு எழுதிட்டுப் போயிருவாரு. தண்ணி கெடந்தாத்தான் அடியில ஊத்து இருக்குன்னு நம்பி மிசினை எறக்குவாரு. ஊருணித் தண்ணியக் கிணத்துல எறைச்சு விட்டுருவோம்” என்றேன்.

நான் கேட்டுவந்ததை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தேன். இதில் என்னை உறுத்துவது, அது நம்பும்படியாக இருந்தது என்பதுதான். நீங்களாக இருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

கருப்பையா கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஊருணித் தண்ணிய எஞ்சின் வச்சு அள்ளுறதா? அது குடிதண்ணி மொதலாளி” என்றார்.

“கூப்பிடு தூரம்தானப்பா. அவங்க போனதும் மிச்சத்தை ஊருணிக்கே திருப்பி விட்டுர்றேன். நானே நின்னு விடுறேன்.”

அவர் தலையாட்டினார். எஞ்சின் சத்தம் கேட்டு ஊர் கரையில் கூடியது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார். “மிசின் வரப்போகுது. மொதலாளி தண்ணியத் திருப்பி விட்டுருவாரு.” கம்பு அவர் கையில் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பொழுது சாயும்போது ஊருணியில் நடுக்குழி மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் ஜீப் வந்தது. நிபுணர் நல்ல மனிதர், சிவந்த கழுத்தில் துண்டு போட்டிருந்தார். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்துக் குறித்துக்கொண்டார். முதல் நாள் நான் கொட்டிய தண்ணீரை அவ்வளவு அக்கறையாக அளந்தார்! எஞ்சின் ஓடியது. தண்ணீர் தொடைக் கனத்துக்கு விழுந்தது. மேனேஜர் படம் எடுக்கச் சொன்னார். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு கோணம். விழுந்த தண்ணீரெல்லாம் கடலை பிடுங்கிய வெறுங்காட்டில் போய் மண்ணுக்குள் இறங்கியது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

நிபுணர் பெண்களிடம் பேச ஆசைப்பட்டார். கருப்பையாவின் மனைவி வெள்ளையம்மா இடுப்பில் குடத்தோடு முன்னால் நின்றாள். பிளாக் ஆபீசர் கேட்டார்: “ஏம்மா, ஊருல தண்ணி வசதி எப்படி? பஞ்சம் உண்டா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

“தண்ணி இருக்குங்க. தண்ணிக்கு ஒண்ணும் கொறையில்லைங்க” என்றாள்.

நிபுணர் அதையும் குறித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? குறை சொல்லியும் பார்த்திருக்கிறேன். அடுத்த வளைவில் இருந்த ஊருணியை ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால்... அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்த குடத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால்... ஆயிரம் மைல் தாண்டி வந்தவருக்கு அந்தக் கூப்பிடு தூரம் நடக்கத் தோன்றவில்லை. கடைசியில் என் கோபம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது.

அவர்கள் கிளம்பினார்கள். மேனேஜர் என் தோளில் கை போட்டு, “புதுக்கோட்டையில சாப்பிட்டுட்டுப் பேசலாம், ஏறுங்க” என்றார். முன் ஆசனத்தில் இடம் கொடுத்தார்கள்.

ஏறினேன்.

கிணற்றில் அப்போதும் பாதித் தண்ணீர் கிடந்தது. நான் நின்று திருப்பி விட்டிருந்தால் அந்தப் பாதியாவது பிழைத்திருக்கும். குழாய் போட, எஞ்சினைத் திருப்பி வைக்க என்னை விட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. கருப்பையா ஜீப்புக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்தார். “மொதலாளி, தண்ணி...” என்றார். “வந்துர்றேன்” என்று கையை ஆட்டினேன். அடுத்த நாள் ஏஜென்சிப் பேச்சு. அதற்கு அடுத்த நாள் திருச்சி. பாறை வெடிப்பெல்லாம் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் நான் திரும்பிப் போனேன்.

ஊருணிக்குள் பெண்கள் மண்ணைத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். அரசமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. என்னைக் கண்டதும் வழி விட்டார்கள், உட்கார இடம் போட்டார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் என்னிடமே கேட்டார்: “தண்ணியத் திருப்பி விடுறேன்னு நீங்க சொன்னதாக் கருப்பையா சொல்றான். சொன்னீங்களா?”

ஏஜென்சிப் பத்திரம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆமாம் என்றால் அந்தச் செய்தி பிளாக் ஆபீசுக்குப் போகும், கம்பெனிக்குப் போகும். அவ்வளவுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

“நான் அப்படிச் சொல்லலைங்க. கேட்டேன், விட்டாரு. ஊருணி அவரு காவல்தானே” என்றேன்.

கருப்பையா என்னைப் பார்ப்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஊரைப் பார்த்துத்தான் பேசினார். “கம்பு எங்கிட்டதான இருந்துச்சு. நாந்தான் பாத்திருக்கணும்” என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு வாசலில் கம்பு சாத்துவதில்லை. இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

மிசின் ஆலங்குடிப் பக்கம் ஓர் ஊருக்குப் போயிற்று. அங்கே பெண்கள் வெறுங்குடங்களை ஜீப்புக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டு நின்றார்களாம். வேறெதுவும் செய்யவில்லையாம். இவர்களும் அப்படித்தான் நின்றிருப்பார்கள், நான் ஒருவன் போகாமல் இருந்திருந்தால்.

அந்த நிபுணர், எங்கள் தாலுகாவில் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தனியார் வியாபாரமே தீர்த்து வருகிறது என்று எழுதிவிட்டுப் போனாராம். பிளாக் ஆபீசர் பெருமையாகச் சொன்னார். திருச்சியில் ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். “வியாபாரியும் தேசத் தொண்டனே” என்று பேசினேன். கை தட்டினார்கள். அந்தப் படம் பெரிதாகி என் கடைச் சுவரில் தொங்குகிறது: சிரிக்கும் நான், பாயும் தண்ணீர், ஓரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் கருப்பையா. கம்பை அன்று காலையில்தான் அடுத்த வீட்டில் சாத்திவிட்டு வந்திருந்தார். விவசாயிகள் அந்தத் தண்ணீரைக் காட்டித்தான் எஞ்சின் கேட்கிறார்கள். நானும் விற்கிறேன்.

சொல்லிவிடுவது என்று போன பங்குனியில் அந்த ஊருக்குப் போனேன். கருப்பையா இல்லை. அறுவடை வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். எஞ்சினை எப்போதோ விற்றாயிற்று. வெள்ளையம்மா வாங்க என்று கூப்பிட்டு, நான் வாயைத் திறக்குமுன் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

செம்பு என் கையில் இருக்கும்போது மெல்லக் கேட்டாள்: “மொதலாளி, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சுக்கிட்டு இருக்கேன். அவுககிட்டயும் கேட்டதில்லை. தண்ணி இருக்குன்னு அன்னைக்கி நான் சொன்னேன்ல... அதுனாலதான் மிசின் வராமப் போச்சா?”

இத்தனை வருஷமாக அவள் அதைத் தன் தலையில் சுமந்திருக்கிறாள். நான் கண்ணைக் காட்டியதை அவள் மறந்திருக்கமாட்டாள். ஆனாலும் சொன்ன வாய் தன்னுடையது என்று நினைத்திருக்கிறாள். இதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? ‘நீ இல்லை தாயி, நான்’ என்று சொன்னால் போதும்.

“அதெல்லாம் இல்ல தாயி. மேல இருக்கிறவங்க எடுக்கிற முடிவு” என்றேன்.

“அப்ப சரி” என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. என்னை நம்பிவிட்டாள்.

அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரி, காலையில் மறந்துவிட்டாளோ என்னவோ, கம்பை எடுத்துக்கொண்டு தெருவில் வந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் சாத்தினாள். வெள்ளையம்மா அதைப் பார்க்காமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

“குடிங்க மொதலாளி, வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள இன்னுங் கொஞ்சம் இருக்கு” என்றாள்.

குடித்தேன். செம்பை நீட்டினேன். அவள் மறுபடியும் நிறைத்துக் கொடுத்தாள்.