பாண்டுரங்கன் மேஸ்திரியின் ஆறு மாச கேரண்டி

திண்டிவனத்தில் கியர்பாக்ஸ் வேலைக்குப் பாண்டுரங்கன் மேஸ்திரி என்றால் லாரிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மெயின் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. போர்டு எதற்கு, அதுதான் வாய் இருக்கிறதே.

"ஆறு மாசம். அதுக்குள்ள என் பொட்டி மக்கர் பண்ணிச்சுன்னா வண்டி எங்க நின்னாலும் நான் வர்றேன். சாமானும் என்னுது, கூலியும் என்னுது" என்பார். பெரிய கம்பெனிக்காரர்கள் முத்திரை குத்திக் காகிதத்தில் கொடுத்ததை இவர் வெற்றிலை மென்றுகொண்டே கொடுத்தார். கொடுத்ததோடு காப்பாற்றவும் செய்தார். ஒருமுறை அடைமழையில், ஸ்பேனர் மூட்டையைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு உளுந்தூர்பேட்டை வரை போய், சேற்றில் படுத்து வேலை பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கதையை வேறு யாராவது சொன்னால் அடக்கமாகச் சிரிப்பார். யாரும் சொல்லாவிட்டால் அவரே ஆரம்பித்துவிடுவார். தன் பெயர் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

அந்தக் காலத்து லாரிகளில் கியர் மாற்றுவதே ஒரு வித்தை. கிளட்சை ஒரு மிதி மிதித்து, விட்டு, மறுபடியும் மிதித்தால்தான் அடுத்த கியர் விழும். கொஞ்சம் முன்பின் ஆனால் பல்லோடு பல் உரசி ஊரே திரும்பிப் பார்க்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரே மிதியில் சத்தமில்லாமல் கியர் விழுகிற புதுமாதிரிப் பெட்டி புழக்கத்துக்கு வந்தது. பழைய வண்டியின் பெட்டியை இறக்கிவிட்டு அந்தப் புதுப் பெட்டியை ஏற்றிக் கொடுக்கப் பாண்டுரங்கன் பழகிக்கொண்டார். தாங்குகிற சட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டும், பின்னால் போகிற நீட்டு ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும், ஒரு நூல் கோணினாலும் வண்டி உதறும். அந்த வேலையில் அந்தப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

எண்பத்து நாலில் விக்கிரவாண்டி வேங்கடேசன் புதுப் பெட்டி ஏற்றத் தன் லாரியைக் கொண்டுவந்தார். கரும்பு விவசாயி. சொந்தக் கரும்பையும் அக்கம்பக்கத்தார் கரும்பையும் முண்டியம்பாக்கம் ஆலைக்கு அடிக்கிற வண்டி அது. டிரைவர் பச்சைமுத்து. பழைய பெட்டியையே பூனை நடக்கிற மாதிரி மாற்றுகிறவன். அவன் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பாண்டுரங்கன், "ஒனக்கு எதுக்குடா புதுப் பொட்டி" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவருடைய கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அவன் ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போவான்.

பெட்டிக்குள் ஷாஃப்டின் மேல் பேரிங் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு லாக் ரிங். வாய் பிளந்த வளையல் மாதிரி இருக்கும். கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். பழசு விறைப்பு விட்டுப்போயிருக்கும். தன்னிடம் தொழில் கற்றவர்களுக்கெல்லாம் பாண்டுரங்கன் தலையில் குட்டிச் சொன்ன பாடம் இது. அன்றைக்கு வேங்கடேசனின் பெட்டியை ஏற்றுமுன் பிரித்துச் சரிபார்த்தபோது, அந்த அளவில் புது ரிங் அவரிடம் இல்லை. மெட்ராஸுக்கு ஆள் அனுப்பினால் மறுநாள் வந்துவிடும். ஆனால் வேங்கடேசன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஆலையில வெட்டு ஆர்டர் குடுத்துட்டான் மேஸ்திரி, ஜல்தி" என்று நச்சரித்தார். 'என்னிடம் ஒரு சாமான் இல்லை' என்று அவரிடம் சொல்லப் பாண்டுரங்கனுக்கு நாக்கு எழவில்லை. பழைய ரிங்கை விரலால் அமுக்கிப் பார்த்தார். தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாட்டிவிட்டார்.

மூன்றாம் மாதம், கரும்பு சீசன் நடுவில், முழு லோடோடு, விக்கிரவாண்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் பெட்டி அலறி இறுகிப்போய் நின்றது. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தது. சேதி வந்ததும் பாண்டுரங்கன் சொன்ன சொல்படி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, லாரிக்கு அடியில் படுத்தார். ஆயில் மூடியைத் திறந்து கையை ஏந்தினார். கருத்த ஆயிலோடு அந்த ரிங் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.

பார்த்த கணமே தெரிந்துபோயிற்று. ரிங் கழன்றிருக்கிறது, பேரிங் நகர்ந்திருக்கிறது, பல்லெல்லாம் போயிருக்கிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்கு வெளியே வேங்கடேசனின் வேட்டிக்கரையும், டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கால்களும் தெரிந்தன.

"என்னா மேஸ்திரி, என்னா ஆச்சு?"

பாண்டுரங்கன் ரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தார். "ஓட்டத்துல நியூட்ரல்ல வுட்டு, மறுபடி கியரத் தள்ளியிருக்காங்க. பல்லுத் தின்னுபுடுச்சு" என்றார்.

தள்ளியிருக்காங்களாம். என்னவோ அந்த வண்டியைப் பத்துப் பேர் ஓட்டின மாதிரி.

பச்சைமுத்து அவர் முகத்தையே பார்த்தான். "இல்ல மேஸ்திரி. நான் நியூட்ரல்ல வுடவே மாட்டேன். ஒங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். அதனால்தான் அவன் பக்கம் திரும்பாமல் வேங்கடேசனிடம், "தப்பு யார் மேல இருந்தா இன்னா, நான் குடுத்த வாக்கு வாக்குதான். எல்லாம் என் செலவுலயே செஞ்சி குடுக்கறேன்" என்றார். கூடியிருந்தவர்கள் 'மனுஷன்னா இவர்தான்' என்று தலையாட்டினார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவர்கள் உண்டு. இவர் உடைத்தது பச்சைமுத்துவின் தலையை.

பெட்டி சரியானது. ஆனால் வேங்கடேசனுக்கு வேறு கணக்கு ஓட ஆரம்பித்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவன் எதற்கு விடுகிறான்? டீசல் மிச்சம் பிடிக்க. மிச்சம் பிடித்த டீசல் எங்கே? "எங்கடா வித்த?" என்று, பாண்டுரங்கனும் இருக்கும்போதே, டீக்கடையில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். வண்டியைக் கெடுத்த பழி ஒரு பக்கம், திருட்டுப் பட்டம் மறுபக்கம். பச்சைமுத்து இல்லவே இல்லை என்று நின்றான். கடைசியில் வேங்கடேசன், "திருவாமாத்தூர் வட்டப்பாறையில கை வெச்சி சொல்லு. நம்பறேன்" என்றார்.

அந்தக் கோயில் பாறையில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வெளியேறினவனைப் பாம்பு துரத்திக் கொன்ற கதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பச்சைமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெக்கறேன் மொதலாளி" என்றான். "அவன் வெச்சதும் நீங்களும் கை வெச்சி ஒரு வார்த்த சொல்லிடுங்க மேஸ்திரி" என்று வேங்கடேசன் பாண்டுரங்கன் பக்கம் திரும்பினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் நாலு பேர். வேங்கடேசன், பாண்டுரங்கன், பச்சைமுத்து, அவன் மனைவி சின்னபொண்ணு. அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சைமுத்து குளத்தில் கைகால் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு பாறைக்கு முன்னால் வந்தான். பாண்டுரங்கன் அவனுக்குப் பின்னால் நின்றார். அடுத்தது தன் முறை. கையை வைப்பதா, உண்மையைச் சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டைப் பையில் அந்த ரிங் இருந்தது.

பச்சைமுத்து கையை நீட்டினான். சின்னபொண்ணு சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் மாமா. மெய்யோ பொய்யோ, வயித்துல புள்ள இருக்கசொல்ல இந்தக் கல்லுல கை வெக்கக் கூடாது. எங்கூட்ல யாரும் வெச்சதில்ல."

"நான் தப்பு பண்ணலயே புள்ள."

"பண்ணலன்னு எனக்குத் தெரியும். புள்ள மேல ஆண வெக்காத."

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். கை மெல்ல இறங்கியது.

"மடியில கனம் இல்லன்னா வழியில இன்னாடா பயம்?" என்றார் வேங்கடேசன். "போதும், தெரிஞ்சி போச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேஸ்திரி, வாங்க போலாம்." பச்சைமுத்து இடுப்பிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தான். மனைவியின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனான்.

திரும்பும் வழியில் வேங்கடேசன் பாண்டுரங்கனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்தார். நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வினை. 'டிரைவர் கல்லைத் தொடப் பயந்து ஓடிட்டான், மேஸ்திரி மலை மாதிரி நின்னாரு' என்று கதை விழுப்புரம் லாரி ஸ்டாண்டு வரை பரவியது. முன்பின் தெரியாத வண்டிகளெல்லாம் கொட்டகைக்கு வந்தன. "ஒங்க வாக்கு கல்லுல எழுதின மாதிரியாமே" என்று ஒருவர் சொன்னபோது பாண்டுரங்கன் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கேரண்டி கேட்டால் ஆறு மாசம் என்கிற வார்த்தை வாயிலேயே ஒட்டிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு கூசியது. வெட்கம் என்பது மனதில் இருக்கிற சமாசாரம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அவர் துணிகளைத் துவைப்பது மனைவி அஞ்சம்மாள். ஒருநாள் ரிங்கைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். "இன்னாங்க இது, எந்தச் சட்டையத் தொவச்சாலும் இதே வருது?"

தூக்கி எறிய அவருக்குக் கை வரவில்லை. அதுதான் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு அவன் கையப் புடிச்சாளே, அப்ப ஒங்களுக்கு எப்பிடி இருந்துச்சு?"

பாண்டுரங்கன் தலை நிமிரவில்லை. "சந்தோசமா இருந்துச்சு" என்றார்.

அஞ்சம்மாள் எழுந்து உள்ளே போனாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் விழுப்புரம் போனார். பச்சைமுத்து மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தார். அவரைக் கண்டதும் அவன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு மரியாதையாக வந்தான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றான். வண்டிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். "யார் குடுப்பா" என்று சிரித்தான். பிறகு தயங்கிக்கொண்டே சொன்னான்.

"நானும் ரொம்ப யோசிச்சிப் பாத்துட்டேன் மேஸ்திரி. ஒங்க வேல தப்பாது. அசதியில எங்கயோ என்னையறியாம தப்பாப் போட்டுட்டேன் போல. இனிமே வண்டி எடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். யாரையாச்சும் ஏத்திக் கொன்னுடப் போறேன்."

பாண்டுரங்கன் அவன் திட்டுவான் என்று நினைத்து வந்தார், அடிப்பான் என்றுகூட நினைத்து வந்தார். இதற்கு அவர் தயாராக இல்லை. ரிங்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "பழசு. புதுசு இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு இதையே மாட்டிட்டேன். ஆயிலோட இதுதான் வந்துச்சு. ஒம் மேல பழியப் போட்டுட்டேன்டா" என்றார்.

பச்சைமுத்து ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன், இல்ல மேஸ்திரி?"

"நல்லாத்தான் ஓட்டின."

"இத எங்கூட்ல வந்து சொல்லுங்க. கையப் புடிச்சித் தடுத்தமேன்னு அவ தெனம் அழுதுக்கினு இருக்கா."

பாண்டுரங்கன் போனார். கைக்குழந்தையோடு நின்ற சின்னபொண்ணுவிடம் சொன்னார். அவள் உட்காரச் சொல்லவில்லை. அங்கிருந்து நேராக விக்கிரவாண்டிக்குப் போய், அதே டீக்கடையில், அதே ஆட்களுக்கு நடுவில் வேங்கடேசனிடமும் சொன்னார். வேங்கடேசன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒங்க மொற வந்திருந்தா அன்னிக்குக் கல்லுல கை வெச்சிருப்பீங்களா மேஸ்திரி?"

"தெரியல" என்றார் பாண்டுரங்கன். இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது ஒருவர்கூட 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

வேங்கடேசன் மறுநாளே ஆள் விட்டுப் பச்சைமுத்துவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். கொட்டகைக்கு வருகிற வண்டிகள் பாதிக்குப் பாதி குறைந்தன. பாண்டுரங்கன் அதற்குப் பிறகு ஆறு மாசம் என்று வாயால் சொன்னதில்லை. வண்டி நின்றுவிட்டதாகச் சேதி வந்தால் ஏழாம் மாதமானாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வேங்கடேசனின் லாரி பழுது என்று அந்தக் கொட்டகைக்கு மறுபடி வரவே இல்லை. ஆனால் மெட்ராஸுக்கு லோடு போகும்போது அந்த ரோட்டில்தான் போயாக வேண்டும். கொட்டகைக்கு முன்னால் ரோடு வளைவதால் எல்லா வண்டியும் அங்கே கியர் மாற்றும். வரும் சத்தத்திலேயே பாண்டுரங்கனுக்கு அது எந்த வண்டி என்று தெரிந்துவிடும். கை வேலையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி காத்திருப்பார். கிளட்ச் ஒரு மிதி, கியர் ஒரு சத்தமும் இல்லாமல் விழும், லாரி வளைவைத் தாண்டிப் போகும். பச்சைமுத்து ஹாரன் அடிப்பதில்லை.